இருதரப்பு வர்த்தக ஒப்பந்தம் வந்தால் ஏற்றுமதியாளருக்கு என்ன மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நாடுகள் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டால் செய்தித்தாளில் ஒரு வரிதான் வரும்: இத்தனை சதவீதப் பொருட்களுக்கு வரி ரத்து. அதற்குப் பிறகு சிறு ஏற்றுமதியாளர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழே இருப்பதில் பாதிக்கு மேல் இதைத்தான் சுற்றி வரும்: வரிச் சலுகை தானாக வந்து சேராது, கேட்க வேண்டும், கேட்டதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும்.

கையெழுத்து போட்டாயிற்று என்கிறார்கள். அடுத்த மாதமே வரி குறைந்துவிடுமா?

குறையாது. கையெழுத்து வேறு, அமலாவது வேறு. நடுவில் நாடாளுமன்ற ஒப்புதல், உள்நாட்டுச் சட்டத் திருத்தம், சுங்க அறிவிக்கை எல்லாம் இருக்கிறது. இந்தியா–ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தாகி மே 1 அன்றே அமலுக்கு வந்தது, அது அபூர்வமான வேகம். அமெரிக்கா–தென்கொரியா ஒப்பந்தம் 2007 ஜூனில் கையெழுத்தானது, அமலானது 2012 மார்ச்சில். கையெழுத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு வாங்குபவருக்குப் புது விலை கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அமலாகும் தேதி எது என்று அரசிதழிலோ சுங்கத் துறை அறிவிக்கையிலோ பார்த்த பிறகு பேசுங்கள்.

இறக்குமதி வரியை வாங்குபவர்தானே கட்டுகிறார்? அது குறைந்தால் எனக்கு என்ன லாபம்?

சரியான கேள்வி, பலர் இதைக் கேட்பதே இல்லை. வரி மிச்சமாவது அந்த நாட்டு இறக்குமதியாளருக்கு. அதில் உங்களுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது பேரத்தைப் பொறுத்தது. 10 சதவீத வரி பூஜ்ஜியமானால் அவர் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம், கடை விலையைக் குறைத்துக் கூடுதல் அளவு வாங்கலாம், அல்லது உங்களுக்கு 3 சதவீதம் விலை ஏற்றித் தரலாம். இன்னொரு நாட்டில் அதே தரத்தில் ஆள் கிடைக்காத பொருள் என்றால் உங்கள் கை ஓங்கும். யாரிடமும் கிடைக்கும் பொருள் என்றால் வாங்குபவர் உங்களை விலை குறைக்கச் சொல்லாமல் இருந்தாலே லாபம்தான்.

அனுபவத்தில் பார்த்தவரை சிறு ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் விலையில் வருவதில்லை, ஆர்டரில் வருகிறது. முன்பு வரியோடு சேர்த்துக் கணக்கு போட்டு ஒதுக்கிய வாங்குபவர் இப்போது சாம்பிள் கேட்பார், அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த சாம்பிள்தான் எல்லாம்.

ஒரு சின்ன விஷயம்: பெரும்பாலான நாடுகள் சரக்கு விலையோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகையின்மேல் வரி போடுகின்றன. அமெரிக்கா அந்தக் கட்டணங்களைச் சேர்க்காமல் போடுகிறது. அப்புறம், ஒப்பந்தம் குறைப்பது சுங்க வரியைத்தான். இறக்குமதியின்போது வசூலாகும் மதிப்புக் கூட்டு வரியோ ஜிஎஸ்டியோ அப்படியே இருக்கும்.

எல்லா நாடுகளுக்கும் ஒரே வரி என்பதுதானே உலக வணிக அமைப்பின் விதி? ஒருவருக்கு மட்டும் எப்படிக் குறைக்க முடியும்?

ஆமாம், 1947-இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட, உலக வணிக அமைப்பு இன்றும் பின்பற்றும் காட் (GATT) என்ற பொது வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் பிரிவே அதுதான்: ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை எல்லா உறுப்பினருக்கும் கொடு. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டு நாடுகள் தங்களுக்குள் நடக்கும் வர்த்தகத்தில் ஏறக்குறைய முழுவதுக்கும் வரியை நீக்கினால், அந்தச் சலுகையை மற்றவர்களுக்குத் தர வேண்டியதில்லை. சாதாரணமாக அதற்கு 10 ஆண்டு அவகாசம். வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1979-இல் வந்த இன்னும் தளர்வான ஒரு விதி இருக்கிறது. "ஏறக்குறைய முழுவதும்" என்றால் 90 சதவீதமா 95-ஆ என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதனால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியாகப் படித்துக்கொள்கிறார்கள்.

என் பொருளுக்கு எவ்வளவு குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் ஹெச்எஸ் கோடு சரியாகத் தெரிய வேண்டும். எந்தப் பொருள் எந்த வகை என்று காட்ட, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் எண் அது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி நீட்டிக்கொள்ளும். இந்தியாவில் எட்டு, அமெரிக்காவில் பத்து. சலுகை எழுதப்பட்டிருப்பது வாங்கும் நாட்டின் எண்ணில் என்பதால், உங்கள் இன்வாய்ஸில் போடும் எட்டு இலக்கத்தை வைத்து அங்கே தேடினால் வேறு ஏதோ பொருள் வரும். வாங்குபவர் எந்த எண்ணில் இறக்குகிறார் என்று கேட்டு வாங்குங்கள். இன்னொரு குழி: இந்த எண்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போல மாறும். 2012, 2017, 2022-இல் மாறின. பழைய ஒப்பந்தத்தின் அட்டவணை பழைய பதிப்பில் இருக்கும்.

எண் கிடைத்ததும் வரி அட்டவணையில் மூன்றைப் பாருங்கள்: தொடக்க வரி, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு. முதல் நாளே பூஜ்ஜியமாகும் பொருட்கள், ஐந்து அல்லது பத்து ஆண்டில் படிப்படியாகக் குறைபவை, கொஞ்சம் மட்டும் குறைபவை, சலுகையே இல்லாதவை என்று பிரித்திருப்பார்கள். நாடுகளின் பயமும் ஆசையும் அந்தப் பட்டியலில்தான் தெரியும். 2022 டிசம்பர் 29 அன்று அமலான இந்தியா–ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தில் ஒயினைப் பாருங்கள். 750 மில்லி புட்டி 5 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் 150 சதவீத வரி உடனே 100 ஆகி, பத்து ஆண்டில் 50-க்கு வரும். 15 டாலருக்கு மேல் என்றால் உடனே 75, பிறகு 25. அதைவிட மலிவான ஒயினுக்கு ஒன்றும் இல்லை. தலைப்பில் "ஒயினுக்கு வரி குறைப்பு" என்றுதான் வந்தது.

அட்டவணையில் எழுதிவிட்டால் கல்லில் எழுதியது என்றும் நினைக்க வேண்டாம். 1960-களில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி ஏற்றியதற்குப் பதிலடியாக, 1964 முதல் அமெரிக்கா சிறு சரக்கு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, வரி மட்டும் நிற்கிறது. மேலே சொன்ன கொரிய ஒப்பந்தத்தின்படி கொரிய லாரிகளுக்கு அது 2021-இல் போயிருக்க வேண்டும். 2018-இல் திருத்தி 2041 வரை நீட்டித்துவிட்டார்கள்.

என் பொருளுக்கு அங்கே ஏற்கெனவே வரி இல்லை. அப்போது ஒப்பந்தத்தால் என்ன?

வரி விஷயத்தில் ஒன்றுமில்லை. சலுகையின் மதிப்பு என்பது மற்றவர்கள் கட்டும் வரிக்கும் நீங்கள் கட்டும் வரிக்கும் உள்ள இடைவெளி. சிங்கப்பூரில் பெரும்பாலும் எல்லாப் பொருளுக்கும் எல்லோருக்கும் பூஜ்ஜியம். சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருட்களுக்கான வரியை உலகம் முழுவதற்கும் தானாகவே எடுத்துவிட்டது. அங்கே தொழிற்பொருள் அனுப்ப ஒப்பந்தச் சான்றிதழுக்கு அலைவது வீண் வேலை. "98 சதவீதப் பொருட்களுக்கு வரி இல்லை" என்ற அறிவிப்புகளில் இப்படி ஏற்கெனவே பூஜ்ஜியமாக இருந்தவையும் எண்ணப்பட்டிருக்கும், கவனியுங்கள்.

மூல விதி, மூல விதி என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பயப்பட வேண்டிய இடம்தான். ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின் என்பதைத்தான் இங்கே மூல விதி என்கிறேன். சலுகை உங்கள் நாட்டிலிருந்து கப்பலேறிய பொருளுக்கு இல்லை, உங்கள் நாட்டில் உருவான பொருளுக்குத்தான். மூன்றாம் நாட்டுச் சரக்கை வாங்கி, பெட்டி மாற்றி, லேபிள் ஒட்டி அனுப்பினால் கிடைக்காது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் போட்ட ஒப்பந்தம் 2021 ஜனவரியில் தொடங்கியபோது, வரியே இல்லாத வர்த்தகம் என்று எல்லோரும் நம்பியிருக்க, ஐரோப்பாவில் செய்த பொருளை பிரிட்டன் கிடங்குக்குக் கொண்டுவந்து அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்கு அனுப்பியவர்களுக்கு வரி வந்து நின்றது. ஐரோப்பியப் பொருள், ஐரோப்பாவுக்கே திரும்பப் போகிறது, ஆனாலும் வரி. ஏனென்றால் பிரிட்டனில் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

விளைபொருள், கனிமம் போன்றவற்றில் சிக்கல் இல்லை, முழுக்க உள்நாட்டில் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்தால் அந்தந்தப் பொருளுக்கு எழுதிய விதியைப் பார்க்க வேண்டும். ஒன்று, மூலப்பொருளின் ஹெச்எஸ் எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறு தலைப்பில் (முதல் நான்கு இலக்கம்) இருக்க வேண்டும் என்பார்கள். அல்லது உள்நாட்டு மதிப்புக் கூட்டல் 35 அல்லது 40 சதவீதம் வேண்டும் என்பார்கள். சிலவற்றுக்கு இன்ன வேலை இங்கேதான் நடக்க வேண்டும் என்று இருக்கும். அமெரிக்க ஒப்பந்தங்களில் ஆடைக்குப் பெரும்பாலும் நூலிலிருந்தே ஒப்பந்த நாடுகளுக்குள் செய்திருக்க வேண்டும், துணியை வேறெங்கோ வாங்கித் தைத்தால் போதாது.

மதிப்புக் கூட்டல் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் பொருளின் விலை 100, அதில் வெளிநாட்டு மூலப்பொருள் 59 என்றால் கூட்டல் 41 சதவீதம், 40 கேட்கும் விதியில் தேறிவிட்டீர்கள். வரி போனதைக் காரணம் காட்டி வாங்குபவர் 3 குறைக்கச் சொல்கிறார், நீங்களும் 97-க்கு ஒப்புக்கொள்கிறீர்கள். இப்போது 38-ஐ 97-ஆல் வகுத்தால் 39.2. சலுகை போயிற்று. எந்தச் சலுகையைக் காட்டி விலை குறைத்தாரோ அந்தச் சலுகையே அந்த விலைக் குறைப்பால் இல்லாமல் போகும். நாணய மாற்று விகிதம் ஏறி மூலப்பொருள் விலை கூடினாலும் இதே கதைதான். விளிம்பில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

விதி தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2000 மார்ச் 1 அன்று அமலான இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 35 சதவீத உள்நாட்டு மதிப்பு கேட்டது. இந்திய மூலப்பொருள் சேர்ந்தால் இலங்கைப் பங்கு 25 போதும். இலங்கையில் பாமாயிலுக்கு வரி குறைவு, இந்தியாவில் அதிகம். விளைவு, பாமாயிலை இறக்கி வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு வரியில்லாமல் அனுப்பும் ஆலைகள் இலங்கையில் முளைத்தன. இந்திய உற்பத்தியாளர்கள் கூச்சல் போட, இந்தியா அளவுக் கட்டுப்பாடு கொண்டுவர, அந்த ஆலைகள் மூடிக்கொண்டன. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி தொழிற்சாலை கட்ட நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுச் செய்யலாம்.

சான்றிதழ் யார் தருவார்கள்?

ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இந்தியாவில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையவழித் தளம் மூலம் விண்ணப்பித்து, அதிகாரம் பெற்ற அமைப்பிடமிருந்து வாங்க வேண்டும். இலங்கையில் வணிகத் திணைக்களம். ஐரோப்பிய ஒன்றியம் செய்யும் சில ஒப்பந்தங்களில் பதிவு பெற்ற ஏற்றுமதியாளரே இன்வாய்ஸில் உறுதிமொழி எழுதினால் போதும். சுய உறுதிமொழி என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம், முத்திரை போட்ட அதிகாரி இல்லாததால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். அப்புறம் வணிகச் சபைகள் வழக்கமாகத் தரும் சாதாரண மூலச் சான்றிதழ் வேறு, ஒப்பந்தச் சலுகைக்கான சான்றிதழ் வேறு. முதலாவதை அனுப்பிவிட்டு, சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது வாங்குபவரிடமிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும் நிலைமை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சரக்கு போகும் வழியும் முக்கியம். நடுவில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறலாம், ஆனால் அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும், பொருளில் கை வைக்கக் கூடாது. அதைக் காட்டும் கப்பல் ஆவணத்தை எடுத்து வையுங்கள். ஆவணங்களைப் பொதுவாக ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சரக்கு விற்று, சாப்பிட்டு, மறந்து போன பிறகும் அந்த நாட்டுச் சுங்கத் துறை கணக்கைக் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் இறக்குமதியாளர் பழைய வரியோடு அபராதமும் கட்டுவார், பிறகு உங்களிடம் வருவார்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? சலுகை கேட்காமலே அனுப்பினால்?

தாராளமாக அனுப்பலாம், பழைய வரியைக் கட்டினால் போதும். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அது சில சமயம் புத்திசாலித்தனமும்கூட. வரி இடைவெளி 2 சதவீதம், ஷிப்மென்ட் சின்னது என்றால், சான்றிதழும் கணக்காளரும் தின்னும் செலவு மிச்சத்தைவிட அதிகம். இடைவெளி 5 சதவீதமே ஆனாலும் விலையுயர்ந்த பொருளில் அது பெரிய தொகை: அமீரகத்தில் இந்திய நகைகளுக்கு இருந்த 5 சதவீதம் பூஜ்ஜியமானது அந்தத் தொழிலுக்கு உண்மையாகவே பெரிய செய்தி. சான்றிதழ் தாமதமானாலும் பல ஒப்பந்தங்களில் பின்னால் கொடுத்து வரியைத் திரும்பப் பெற வழி உண்டு, கெடு என்ன என்று மட்டும் பாருங்கள்.

கோட்டா இருக்கிறது என்கிறார்களே?

இன்ன அளவு வரை குறைந்த வரி, அதற்கு மேல் போனால் பழைய வரி. பால், தேயிலை, ஆடை மாதிரி உள்ளூரில் குரல் கொடுக்க ஆள் இருக்கும் பொருட்களில் இது வரும். சீனா–நியூசிலாந்து ஒப்பந்தம் 2008 முதல் இருக்கிறது, ஆனால் பால் பவுடருக்கு ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டியதும் வரி பழையபடி ஏறும்படி செய்திருந்தார்கள். வரம்பு ஜனவரியிலேயே தீர்ந்துபோகும் என்பதால் சரக்கை வருடத் தொடக்கத்துக்குத் தயாராக நிறுத்தி வைப்பார்கள். அந்த ஏற்பாடு முழுதாக முடிந்தது 2024 ஜனவரியில்தான். கோட்டா பொருள் என்றால் யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள், முதலில் வந்தவருக்கா, உரிமம் உள்ளவருக்கா என்பதுதான் வரி விகிதத்தைவிட முதலில் தெரிய வேண்டியது.

வரி பூஜ்ஜியம், சான்றிதழும் சரி. அப்படியும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்களே?

பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு, மின்பொருள் பாதுகாப்புத் தரம், லேபிள் மொழி… இவற்றை வரி ஒப்பந்தம் தொடாது. தொட்டாலும் "ஒத்துழைப்போம்" என்ற அளவில் ஒரு அத்தியாயம் இருக்கும். ஒரு நாட்டில் செய்த பரிசோதனையை இன்னொரு நாடு ஏற்கும் என்று உறுதியாக எழுதியிருந்தால்தான் உண்மையான பலன். உணவுப் பொருள் ஏற்றுமதியாளர் ஒருவர் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு அத்தியாயம் படிக்க நேரம் இருக்கிறது என்றால், வரி அட்டவணையைவிட இந்த அத்தியாயத்தைப் படிக்கத்தான் சொல்வேன்.

போட்டி நாடும் அதே சந்தையோடு ஒப்பந்தம் போட்டால்?

உங்கள் முன்னிலை கரையும். கொரியாவில் மாட்டிறைச்சிக்கு 40 சதவீத வரி. அமெரிக்கா 2012-இல் உள்ளே வந்து 15 ஆண்டுப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2014 டிசம்பரில்தான் வந்தது, அதே படிக்கட்டு, இரண்டு படி பின்னால். அதனால் ஒவ்வொரு ஆண்டும் ஆஸ்திரேலிய இறைச்சிக்கு ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி அதிக வரி. அமெரிக்க இறைச்சி 2026-இல் பூஜ்ஜியத்தைத் தொட்டால் ஆஸ்திரேலியா 2028-இல். தாமதமாகச் சேர்ந்தவர் கட்டும் விலை இது. முதலில் சேர்ந்தவருக்கும் கிடைப்பது சில ஆண்டுகள்தான், அதற்குள் வாங்குபவரைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் சரக்கும் இங்கே மலிவாக வருமே?

வரும், ஒப்பந்தம் இரண்டு பக்கமும்தான். உள்ளூரில் அதே பொருள் செய்பவருக்கு அடி, அதை மூலப்பொருளாக வாங்குபவருக்கு லாபம். இறக்குமதி திடீரென்று கொட்டினால் வரியைத் தற்காலிகமாக ஏற்றும் பாதுகாப்புப் பிரிவு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், அடக்க விலைக்கும் குறைவாகவோ சொந்த நாட்டு விலைக்கும் குறைவாகவோ கொட்டும் சரக்குக்குப் போடும் பொருள் குவிப்புத் தடுப்பு வரியும் அப்படியே இருக்கும். அது உங்கள் ஏற்றுமதிமேலும் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்றுமதிக்காக இறக்கிய மூலப்பொருளின் வரியைத் திரும்பப் பெறுபவர்கள், அதை ஒப்பந்தம் தடுக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்த வடஅமெரிக்க மூன்று நாட்டு ஒப்பந்தம் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

சேவை ஏற்றுமதி?

சேவைக்குச் சுங்க வரி கிடையாது. அங்கே கேள்வி விசா, தகுதி அங்கீகாரம், கிளை திறக்கும் உரிமை. அதற்குத் தனிப் பட்டியல் உண்டு, தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒப்பந்தம் நிரந்தரமா?

பெரும்பாலும் ஆறு மாத முன்னறிவிப்பில் எந்தத் தரப்பும் விலகலாம். விலகாமலேயே வேறு சட்டத்தைக் காட்டி வரி போடவும் செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா பெரும்பாலான நாடுகள்மேல் 10 சதவீதக் கூடுதல் வரி அறிவித்தபோது, 2004 முதல் ஒப்பந்தம் வைத்திருந்த சிங்கப்பூரும் 2005 முதல் வைத்திருந்த ஆஸ்திரேலியாவும் தப்பவில்லை. நீண்டகால விற்பனை ஒப்பந்தம் எழுதும்போது, வரி மாறினால் யார் தலையில் விழும் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

அமலாகும் நாளில் என் சரக்கு நடுக்கடலில் இருந்தால்?

பல ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: அன்று வழியிலோ சுங்கக் கிடங்கிலோ இருக்கும் சரக்குக்கும், சரக்கு கிளம்பிய பிறகு வாங்கிய சான்றிதழை குறிப்பிட்ட கெடுவுக்குள் கொடுத்தால் சலுகை கிடைக்கும். அதனால் அமல் தேதிக்குப் பக்கத்தில் ஷிப்மென்ட் இருந்தால், கிடங்கிலிருந்து சரக்கை உடனே எடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.